எல்லாச் சண்டையிலும் வென்று ஆட்டத்தில் தோற்பது எப்படி? பண்டைய உலகைக் காட்டும் கணினி உத்தி ஆட்டங்களுக்கு ஓர் அறிமுகம்

ஐப்பசி அடைமழை. கொடைக்கானலை அடுத்த எங்கள் பெருமாள்மலையில் மூன்று நாளாக வெளியே தலைகாட்ட முடியவில்லை. அண்ணன் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டான்.

“பதினோரு சண்டை போட்டேன் சித்தப்பா, பதினொன்றிலும் வென்றேன். இப்போது கஜானாவில் ஒரு காசு இல்லை. பிடித்த ஊரெல்லாம் கலகம் செய்கிறது. வென்றவன் எப்படித் தோற்க முடியும்?”

திரையில் ‘ரோம்: டோட்டல் வார்’. ரோமானியக் குடும்பம் ஒன்றின் தலைவனாக இத்தாலியில் தொடங்கி, மத்தியதரைக் கடலைச் சுற்றி நாடுகளைப் பிடிக்கும் ஆட்டம். இருப்புத் தொகை சிவப்பு எழுத்தில் சுழியத்துக்குக் கீழே போயிருந்தது. வரைபடத்தில் மட்டும் அவன் நிறம் பெரிதாகப் பரவிக் கிடந்தது.

அவன் கேட்டது நல்ல கேள்வி. இந்த வகை ஆட்டங்களைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. பெரியவர்களுக்கு எல்லா வீடியோ கேமும் சுட்டுத் தள்ளும் விளையாட்டு. பிள்ளைகளுக்கோ பெரிய படையைத் திரட்டி எதிரி மேல் ஏவுவதுதான் ‘ஸ்ட்ராட்டஜி’. இரண்டும் சரியில்லை. பண்டைய உலகில் நடக்கும் உத்தி ஆட்டங்களின் உயிர், படைக்குப் பின்னால் இருக்கும் வயலிலும் வழியிலும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் திகைக்க மாட்டீர்கள்.

உத்தி வேறு, தந்திரம் வேறு

ஆடு புலி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் மண்டபத்துக் கல்தரையில் அதன் கோடுகள் செதுக்கியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு எதையும் வெட்டாது. மோதல்களை மட்டும் எண்ணினால் ஒவ்வொன்றிலும் புலிக்குத்தான் வெற்றி. ஆனாலும் நன்றாக ஆடத் தெரிந்தவர் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால் மூன்று புலியும் நகர இடமில்லாமல் அடைபட்டுப்போகும்.

இந்த ஆட்டை இப்போது வெட்டலாமா, எந்தப் பக்கமாகத் தாண்டலாம் என்று யோசிப்பது தந்திரம். ஒரு மோதலை வெல்லும் வழி அது. எத்தனை ஆட்டை இழந்தாலும் கடைசியில் எங்கே மடக்குவது என்று யோசிப்பது உத்தி. முழு ஆட்டத்தையும் வெல்லும் வழி அது. அண்ணன் மகனுக்குத் தந்திரம் கைவந்திருந்தது. உத்தி வரவில்லை.

வரலாற்றிலேயே இதற்குப் பெரிய சாட்சி ஹன்னிபல். வட ஆப்பிரிக்கக் கடற்கரை நகரமான கார்த்தேஜின் தளபதியான அவர் கி.மு. 218இல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கினார். அந்த ஆண்டே டிரெபியாவில் வெற்றி. மறு ஆண்டு டிரசிமீன் ஏரிக்கரையில் வெற்றி. கி.மு. 216இல் கன்னேயில், தன்னைவிடப் பெரிய ரோமானியப் படையை நாற்புறமும் வளைத்து ஒரே நாளில் கிட்டத்தட்ட அழித்தே விட்டார். போர்க்கலை படிப்பவர்கள் இன்றும் அந்தக் களத்தை வரைந்து பார்க்கிறார்கள்.

ரோம் பணியவில்லை. ஃபேபியஸ் என்ற முதிய தலைவர் காட்டிய வழியில், ஹன்னிபலோடு நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்த்தது. தீனி தேடிப் போகும் அவருடைய ஆட்களைத் துரத்தியது. அவரோடு சேர்ந்துகொண்ட ஊர்களை ஒவ்வொன்றாக மீட்டது. புதுப்புது லெஜியன்களைத் திரட்டிக்கொண்டே இருந்தது. லெஜியன் என்பது சில ஆயிரம் வீரர்கள் கொண்ட ரோமானியப் படைப்பிரிவு. ஹன்னிபல் பதினைந்து ஆண்டுகள் இத்தாலியில் அலைந்தார். கி.மு. 203இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு ஜாமாவில் தோற்றார். புலிக்குப் பாய்ச்சல் குறையவில்லை, ஆடுகள் தீரவில்லை.

ஆக, சண்டையை வெல்வது தந்திரம், போரை வெல்வது உத்தி. நீங்கள் ஆடப்போகும் ஆட்டம் இரண்டையும் கேட்கும். ஆனால் உத்தியில் செய்த பிழையைத் தந்திரத்தால் சரிக்கட்ட முடியாது.

முறை வைத்து ஆடுவது, ஓட்டத்தில் ஆடுவது

ஆட்டங்களில் இரண்டு சாதி உண்டு. ஆடு புலி போல நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று நகர்த்துவது முறை ஆட்டம். 1991இல் சிட் மேயர் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ வரிசை இந்த வகை. யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் நகர, கடிகாரம் நிற்காமல் ஓடுவது நிகழ்நேர ஆட்டம். 1997இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004இல் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’ இரண்டையும் கலந்தது. நாட்டு வரைபடத்தில் முறை வைத்து நகர்த்துகிறோம், ஒரு முறை என்பது அரையாண்டு. இரண்டு படைகள் சந்தித்தால் களம் விரிகிறது, அங்கே எல்லாம் நிகழ்நேரம்.

விரல் வேகம் இல்லையே என்று தயங்குபவர்கள் முறை ஆட்டத்தில் தொடங்கலாம். ஐம்பது வயதுக்காரரும் பள்ளிப் பிள்ளையும் அங்கே சமம்.

முதலில் உலை, பிறகு வேல்

நம் பழைய இலக்கணம் போரைப் பூக்களின் பெயரால் பிரித்தது. கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை, இரு படைகளும் நேருக்கு நேர் பொருதுவது தும்பை. எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தது வெட்சி. எதிரியின் ஆநிரையைக் கவர்ந்து வருவது அது. வெட்சிக்கு இணையாகச் சொன்ன நிலம் எங்கள் மலைக்குரிய குறிஞ்சி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் இருந்த காலம். போர் செல்வத்தில் தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆட்டத்தில் கையில் கொடுக்கப்படுபவர்கள் வாள்வீரர்கள் அல்லர், சில கிராமத்தார்தான். உணவு, மரம், கல், பொன் என்ற நான்கு பொருள்களை அவர்கள் சேர்க்க வேண்டும். ஒருவர் மரம் வெட்டுவதை உற்றுப் பாருங்கள். வெட்டுகிறார், சுமை நிறைந்ததும் கிடங்குக்கு நடக்கிறார், இறக்குகிறார், மறுபடி மரத்துக்குத் திரும்புகிறார். கிடங்கு தொலைவில் இருந்தால் அவருடைய நாளில் பாதி நடையிலேயே கழியும். மரத்தை ஒட்டி இன்னொரு கிடங்கு கட்டினால் அதே ஆள் கூடுதலாகக் கொண்டுவருவார்.

எங்கள் பக்கத்தில் காப்பிப் பழம் பறிக்கும் நாளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். எடை போடும் இடம் சரிவுக்கு மேலே இருந்தால், பழ மூட்டையைத் தலையில் தூக்கி ஏறுவதிலேயே ஆள்கள் களைத்துவிடுவார்கள். தராசைக் கீழே கொண்டுவந்து வைத்தால் அன்றைய பறிப்பே கூடிவிடும்.

அடுத்தது, எதில் பணம் போடுவது. மன்னவனூர்ப் பக்கம் கேரட் விதைத்தால் மூன்று, நான்கு மாதத்தில் காசு. தாண்டிக்குடிப் பக்கம் காப்பி நட்டால் காய்ப்புக்கு மூன்று, நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் பிறகு பல ஆண்டுகள் தரும். ஆட்டத்திலும் இதே தேர்வு ஒவ்வொரு முறையும் வரும். படைப்பிரிவு உடனே கைக்கு வரும். சாலை, சந்தை, பாசனம், துறைமுகம் எல்லாம் மெதுவாக வந்து கடைசிவரை தரும். தொடக்கத்தில் நட்ட காப்பிதான் நடுவில் படையைத் தாங்கும். நாற்பதாவது முறையில் போய்ச் சாலை போட்டால் அதற்குள் ஆட்டமே பாதி முடிந்திருக்கும்.

அண்ணன் மகன் விழுந்த குழி பராமரிப்புச் செலவு. ஒரு படைப்பிரிவை உருவாக்க ஒரு முறை பணம் கொடுத்தால் போதாது, அது உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் சம்பளம் கொடுக்க வேண்டும். சும்மா நிற்கும் படைக்கும் கொடுக்க வேண்டும். அவனிடம் மூன்று படைகள் இருந்தன. இரண்டு எதுவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தன.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘ரோம்: டோட்டல் வார்’ ஆட்டத்தில் ஒரு நகரில் வீரர்களைச் சேர்த்தால் அந்த நகரின் மக்கள்தொகை அத்தனை பேர் குறையும். வேல் பிடித்தவன் வரி கட்ட மாட்டான். போர் முடிந்த பிறகு அந்தப் படையை ஒரு நகரில் கலைத்தால் அவர்கள் அங்கே குடிமக்களாகச் சேர்ந்துகொள்வார்கள். பண்டைய உலகத்து வீரர் பெரும்பாலும் விவசாயிதான் என்ற உண்மையை அந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது.

வணிகத்தையும் மறக்க வேண்டாம். இந்த ஆட்டங்கள் காட்டும் ரோமானிய உலகத்துக்கு சேரநாட்டு முசிறித் துறைமுகம் வழியாக மிளகு போனது. கரூரிலும் வெள்ளலூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. எங்கள் பழநி மலையிலும் பழங்காலத்திலேயே ஆள்கள் வாழ்ந்ததற்குச் சாட்சியாக, பண்ணைக்காடு, தாண்டிக்குடி மேடுகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இன்னும் நிற்கின்றன. வரைபடத்தின் ஓரத்தில் துறைமுகச் சின்னத்தைப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மலையில் யாரோ மிளகு பறித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சோறு எவ்வளவு தூரம் நடக்கும்?

இனி வருவது பலருக்கும் புரியாத பகுதி. பெரிய படை எதிரி நாட்டுக்குள் போனதும் சண்டையே இல்லாமல் ஆள்கள் குறைவதைப் பார்த்து, ஆட்டத்தில் பிழை என்று நினைக்கிறார்கள். அது பிழை இல்லை, பசி. பசியாலும் நோயாலும் படை தேய்வதைத் தேய்மானம் என்போம். படைக்கு உணவு வந்து சேரும் பாதை வழங்கல் வழி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீரனுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தானியம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30,000 பேர் என்றால் நாளுக்கு 30 டன். பத்து டன் லாரி மூன்று, தினமும் வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரவேண்டும். பண்டைக்காலத்தில் லாரி இல்லை. கோவேறு கழுதை உண்டு. அது சுமப்பது 100 கிலோ, வழியில் மேய்ச்சல் இல்லையென்றால் நாளுக்குத் தின்பது 5 கிலோ என்று கொள்ளுங்கள். நான்கு நாள் தொலைவில் இருக்கும் படைக்குப் போய்த் திரும்ப எட்டு நாள். 40 கிலோவை அதுவே தின்றுவிடும், சேர்வது 60. பத்து நாள் தொலைவென்றால் போக 50, வர 50. படைக்கு ஒரு மணி கூடச் சேராது.

சாலை இல்லாமல் நெடுங்காலம் இருந்த எங்கள் பக்கத்து மலைக்கிராமமான வெள்ளகவிக்குக் குதிரை மேல் பொதி ஏற்றி அனுப்பியவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பொதியோடு குதிரையின் தீனியையும் சேர்த்து எண்ணியே அவர்கள் கிளம்பினார்கள்.

கப்பல் தானியம் தின்னாது. அதனால்தான் ரோம் நகரம் எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கடல் வழியாகத் தானியம் வாங்கி வாழ்ந்தது. அதனால்தான் ஆட்டத்தில் கடற்கரை நகரங்களை முதலில் பிடிக்கச் சொல்கிறேன். கி.மு. 304இல் தொடங்கும் ‘இம்பரேட்டர்: ரோம்’ இந்தக் கணக்கை மிக நன்றாகக் காட்டும். எந்த நிலம் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்று ஒவ்வோர் இடத்துக்கும் அதில் அளவு உண்டு. அளவுக்கு மேல் ஆள் நின்றால் தேய்மானம். படையோடு உணவுப் பொதியணியையும் சேர்த்து நடத்தலாம்.

சுருக்கமாக, படை பெரிதாகப் பெரிதாக, கட்டிய மாட்டின் கயிறு குறுகுவது போல, அது போகக்கூடிய தூரம் குறுகும். பெரும்படையைத் தேவைப்படும் நாளில் சேர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் பிரித்து வையுங்கள்.

பெருமாள்மலையை யார் பிடித்தார்கள்?

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டுச் சாலையில் வந்தாலும் பழநிச் சாலையில் வந்தாலும் எங்கள் பெருமாள்மலையைத் தொட்டுத்தான் மேலே ஏற வேண்டும். மழையில் எங்களுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே ஒரு பெரிய மரம் சாய்ந்தால் போதும். பேப்பர், பால், எரிவாயு எல்லாம் கீழேயே நிற்கும், காய்கறி மேலேயே நிற்கும். எதிரி யாரும் வரவில்லை. ஒரு மரம் ஒரு நகரத்தை நிறுத்திவிடுகிறது.

இப்படிப் பல வழிகள் ஒடுங்கிச் சேரும் இடத்தை இடுக்கு என்று சொல்லிக்கொள்வோம். கணவாய், பாலம், ஆற்றுத்துறை எல்லாம் இடுக்குகள். இடுக்கில் சிறுபடை பெரும்படையை நிறுத்தும், ஏனென்றால் ஒரே நேரத்தில் முன்வரிசை மட்டும்தான் மோத முடியும். கி.மு. 480இல் பாரசீகப் பெரும்படை கிரேக்கத்துக்குள் வந்தபோது, தெர்மோபிலே கணவாயில் நடந்தது இதுதான். கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் முந்நூறு வீரர்கள் தனியாக நின்றார்கள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். உண்மையில் தொடக்கத்தில் சில ஆயிரம் கிரேக்கர்கள் உடன் நின்றார்கள். மூன்றாம் நாள், மலைக்குப் பின்னால் போகும் ஓர் ஆட்டுப் பாதை பாரசீகருக்குத் தெரிந்துவிட்டது. இடுக்கு உடைந்தது. இடுக்கைக் காக்கும்போது உங்கள் பக்கத்து ஆட்டுப் பாதை எங்கே என்று வரைபடத்தில் முதலில் தேடுங்கள். அதை அடைக்க ஒரு சின்னப் பிரிவு போதும்.

களத்தில் இறங்கினால்

சண்டையைப் பற்றி இரண்டே செய்தி.

ஒன்று, மன உறுதி. ஒரு படைப்பிரிவு எவ்வளவு நேரம் ஓடாமல் நிற்கும் என்பதன் அளவு அது. பண்டைய போர்களில் எதிரெதிரே நிற்கும்போது செத்தவர்களைவிட, அணி கலைந்து ஓடும்போது வெட்டுப்பட்டவர்களே மிகுதி. ஆகவே எல்லோரையும் கொல்ல முயல வேண்டாம், அணியைக் கலைத்தால் போதும். அணி கலைவது விலாப்புறத்திலிருந்தும் முதுகுப்புறத்திலிருந்தும் அடி விழும்போது. உங்கள் காலாட்படை எதிரியைப் பிடித்து நிறுத்தட்டும், குதிரைப்படை சுற்றிப்போய் முதுகில் மோதட்டும். கன்னேயில் ஹன்னிபலின் குதிரைப்படை செய்தது அதுவே.

மற்றொன்று, தரை. கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த மாசிடோனியரின் பாலங்ஸ் என்பது ஐந்தாறு மீட்டர் நீள ஈட்டிகளை ஒன்றாக நீட்டி, தோளோடு தோள் நிற்கும் அணி. நேரே யாரும் நெருங்க முடியாது. அந்த ஈட்டி எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டுமானால், மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைக் காப்பிச் செடிகளுக்கு நடுவே, சரிவில், தனியாளாகத் தூக்கிப் போய்ப் பாருங்கள். திரும்பும் ஒவ்வொரு முறையும் பின்முனை ஒரு கிளையில் மாட்டும். ஆயிரக்கணக்கானோர் அப்படி ஒரே வரிசையில் நடக்க வேண்டும் என்றால்? கி.மு. 197இல் கினோஸ்கெஃபலே என்ற குன்றுகளில், கரடுமுரடான சரிவில் மாசிடோனியரின் ஒரு பக்கம் அணி வகுத்து முடிப்பதற்குள் ரோமானியர் அதை உடைத்தார்கள். மறுபக்கம் வென்றுகொண்டிருந்தபோதே, இன்னொரு ரோமானியப் பிரிவு அதன் முதுகுக்கு வந்துவிட்டது. நீள ஈட்டிக்குச் சமவெளி, சிறு குழுக்களுக்கு மேடுபள்ளம். ஆட்டத்திலும் இது அப்படியே பலிக்கும்.

எதில் தொடங்கலாம்?

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ‘ஜீரோ ஏ.டி.’ என்ற ஆட்டத்தை இறக்கிக்கொள்ளுங்கள். தன்னார்வலர்கள் உருவாக்கியது, முழுக்க இலவசம். கிரேக்கர், ரோமானியர், கார்த்தேஜியரோடு மௌரியரும் உண்டு. மௌரியருக்குச் சுமை சுமக்கும் யானை கிடைக்கும், அது நடமாடும் கிடங்கு போல வேலையாள்களின் பக்கத்திலேயே நிற்கும். தராசைக் கீழே கொண்டுவருவதன் பயனை அந்த யானை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

கைப்பேசிதான் இருக்கிறது என்றால் ‘ரோம்: டோட்டல் வார்’ ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது. திரை சிறிது என்பதுதான் குறை. ‘இம்பரேட்டர்: ரோம்’ ஆழமானது, மௌரியரும் நம் தெற்கும் அதன் வரைபடத்தில் உண்டு. ஆனால் முதல் ஆட்டமாக வேண்டாம், சாளரம் சாளரமாக எண்கள் திறந்து புதியவரை விரட்டிவிடும். எதை எடுத்தாலும் எளிய நிலையில் தொடங்குங்கள். அதில் வெட்கமே இல்லை.

இரண்டாம் ஆட்டம்

அன்று மாலை அண்ணன் மகன் முதலிலிருந்து தொடங்கினான். வடக்கே மீடியோலானம், இன்றைய மிலான், ‘கால்’ (Gaul) என்ற இனத்தாரின் கையில் இருந்தது. போன ஆட்டத்தில் மூன்றாவது முறையிலேயே அதன் மேல் பாய்ந்திருந்தான். இந்த ஆட்டத்தில் முதலில் சாலை போட்டான். பிறகு வயல், பிறகு சந்தை. தேவையில்லாத இரண்டு பிரிவுகளை நகரத்திலேயே கலைத்தான். இருந்த ஒரே படையை ஆற்றுப் பாலத்தருகே நிறுத்தினான்.

ஏழாவது முறையில் கால் இனத்தாரின் படை ஒன்று தெற்கே வந்தது. அவன் விரல் பொத்தானுக்குப் போய்த் திரும்பி வந்தது. “அவர்களே பாலத்துக்கு வரட்டும் சித்தப்பா” என்றான்.

ஒன்பதாவது முறையில் மின்சாரம் போனது. ஆட்டத்தைச் சேமித்து மடிக்கணினியை மூடினான். மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு இயற்பியல் நோட்டைத் திருப்பினான். படிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் படைச் சம்பளம் என்று எழுதிக் கூட்டத் தொடங்கினான்.